மொக்கை போடாத கத்தி உண்டா? – சாணை மாமா பதில்கள்

போன இதழில் வாய் தவறி "கத்தி பற்றிக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். சாக்கு மூட்டையில் வந்து இறங்கியிருக்கிறது. பாதிக் கடிதங்கள் மாமியாரைப் பற்றி. மீதிக்குப் பதில் கீழே.

கே: நல்ல கத்திக்கு எந்த எஃகு? ஒரே வரியில் சொல்லவும். – பிரியாணி மாஸ்டர், ஆம்பூர்

ப: எதை வெட்ட, யார் வெட்ட, யார் தீட்ட? மூன்றுக்கும் நீங்கள் ஒரே வரியில் எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.

கே: கூர், கடினம், உறுதி எல்லாம் ஒன்றுதானே? எதற்கு மூன்று சொல்? – தமிழாசிரியர், மன்னார்குடி

ப: ஐயா, நீங்களே இப்படிக் கேட்டால் எப்படி? கூர் என்பது இன்றைக்கு வெட்டுவது. கூர் நிற்பது என்பது தீபாவளிக்கும் வெட்டுவது. கடினம் என்றால் அமுக்கினால் குழி விழாது. உறுதி என்றால் அடித்தால் உடையாது. கண்ணாடி கடினம், உறுதி கிடையாது. ரப்பர் செருப்பு உறுதி, கடினம் கிடையாது. கடினம், உறுதி இரண்டையும் ஒரே எஃகில் முழுசாகக் கேட்பது, சர்க்கார் உத்தியோகமும் வேண்டும், வெளிநாட்டுச் சம்பளமும் வேண்டும் என்பது போல. கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். விசாரணை நடக்கிறது.

கே: கத்தி டப்பாவில் எச்.ஆர்.சி. 58, 60, 62 என்று போட்டிருக்கிறதே. ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரியா? – பாத்திரக் கடைக்காரர், கும்பகோணம்

ப: முத்திரை இல்லை, மார்க். வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோ பாரத்தில் எஃகில் அமுக்கி, எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்ப்பார்கள். குறைவாக இறங்கினால் கூடுதல் மார்க். ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1914-ல் காப்புரிமைக்கு மனுப் போட்ட கருவி. ஜெர்மன் சமையல் கத்தி 56 முதல் 58. ஜப்பான் கத்தி 60-ல் ஆரம்பித்து 65 வரை போகும். நாலு மார்க் வித்தியாசம்தானே என்று அலட்சியப்படுத்தாதீர்கள். கட்-ஆஃபில் அரை மார்க்கில் சீட் போன வீட்டில் போய்க் கேளுங்கள்.

கே: மாமியார் நாக்குக்கு ராக்வெல் எவ்வளவு? – பெயர் வேண்டாம், திருச்சி

ப: சோதனைக்கு வைக்கிற பொருள் தட்டையாக, ஆடாமல் இருக்க வேண்டும். அடுத்த கேள்வி.

கே: கத்தி ஏன் மழுங்குகிறது மாமா? – பிளஸ் டூ மாணவி, திண்டுக்கல்

ப: நாலு வழி தாயி. தேயும். மடங்கும். சில்லு தெறிக்கும். துரு தின்னும். மெத்தென்ற எஃகு மடங்கும், விறைத்த எஃகு தெறிக்கும். எந்த வழியில் போனது என்று பார்க்காமல் கத்தியை மாற்றுகிறவர்கள், காய்ச்சலா வயிற்றுவலியா என்று தெரியாமலே டாக்டரை மாற்றுகிறவர்கள்.

கே: வெண்டைக்காய் எஃகைவிட மெத்து. மெத்தானது கடினமானதை எப்படித் தேய்க்கும்? – அதே மாணவி

ப: கெட்டிக்காரி. எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் இதே சந்தேகத்தில் 2020-ல் சவர பிளேடையும் முடியையும் எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வைத்துப் பார்த்தார்கள். முடி, பிளேடு எஃகைவிட 50 மடங்கு மெத்து. இருந்தும் விளிம்பில் சில்லு பெயர்ந்தது. முடி சாய்ந்து வளைய, எஃகின் உள்ளமைப்பு சீரில்லாத ஓர் இடத்தில் அது அழுத்த, அங்கே ஒரு கீறல். அவ்வளவுதான். ஆளைப் பார்த்து எடை போடாதே என்பது அப்பாவின் மீசைக்கும் பொருந்தும்.

வெண்டைக்காய் பாவம், அதை விட்டுவிடு. நிஜக் குற்றவாளி கழுவாத கீரை. அதில் ஒட்டிய மணல் குவார்ட்ஸ். கத்தி எஃகைவிடக் கடினம். முளைக்கீரையை மண்ணோடு நறுக்குவதும் கத்தியால் ரோட்டில் கோலம் போடுவதும் ஒன்று.

கே: எந்த எஃகு எவ்வளவு நேரம் கூர் நிற்கும் என்று யாராவது ஒழுங்காக அளந்திருக்கிறார்களா? இல்லை, எல்லாம் விளம்பரம்தானா? – ஓய்வு பெற்ற தணிக்கையாளர், நாமக்கல்

ப: உங்களுக்கென்றே இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒரு நிறுவனம் இருக்கிறது. பெயர் கேட்ரா. 1952-லிருந்து கத்திக்கும் கத்தி சார்ந்த தொழிலுக்கும் ஆராய்ச்சி. அவர்கள் கருவியில் கத்தியை மல்லாக்கப் பிடித்து, மேலே ஓர் அட்டைக் கட்டைச் சுமார் 5 கிலோ பாரத்தில் அழுத்துவார்கள். கத்தி முன்னும் பின்னும் 40 மில்லிமீட்டர் ஓடும். அறுபது சுற்று. மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் அட்டை அறுபட்டதோ, அதுதான் மார்க்.

அட்டையில்தான் சூட்சுமம். அதில் 5 சதவீதம் சிலிக்கா கலந்திருக்கும். கத்தியைச் சீக்கிரம் மொக்கையாக்கத்தான். அதாவது ஷெஃபீல்டில் காசு கொடுத்துச் செய்வதை, நம் வீட்டில் கழுவாத கீரை இலவசமாகச் செய்கிறது.

கே: அந்தப் போட்டியில் யார் முதல், யார் கடைசி? – பந்தயம் கட்டியவர், சிவகாசி

ப: அமெரிக்க உலோகவியலாளர் லாரின் தாமஸ் 48 வகை எஃகை, ஒரே வடிவக் கத்தி, ஒரே கோணம், ஒரே கல் என்று வைத்து இதே கருவியில் ஓட்டினார். தலைவரிசையில் ரெக்ஸ் 121. ராக்வெல் 70-ஐத் தொடுகிற முரட்டுப் பிள்ளை. கடைசி பெஞ்சில் ஸ்வீடன்காரர்கள் சவர பிளேடுக்காக உருவாக்கிய ஏ.இ.பி.-எல். போன்ற எளிய எஃகுகள்.

பந்தயக் காசைக் கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம். அடி தாங்கும் சோதனையில் ரெக்ஸ் 121 கடைசி பெஞ்சுக்குப் போனது. ஏ.இ.பி.-எல்., துருப்பிடிக்காத எஃகுகளில் முன் வரிசைக்கு வந்தது. யார் ஜெயித்தது என்று நீங்களே பஞ்சாயத்து செய்துகொள்ளுங்கள்.

கே: ரெக்ஸ் 121-ல் அப்படி என்ன மாமா மசாலா? – பிரியாணி மாஸ்டர், ஆம்பூர்

ப: நீங்களா மறுபடி? சரி, உங்கள் பாஷையிலேயே வருகிறேன். கார்பன் 3.4 சதவீதம், வனேடியம் 9.5, டங்ஸ்டன் 10, கோபால்ட் 9. இவ்வளவு மசாலா போட்டால் அரிசி எங்கே என்று கேட்பீர்கள். இரும்பும் அதையேதான் கேட்கிறது.

கே: கார்பன் சேர்த்தால் கடினம், குரோமியம் சேர்த்தால் துருப்பிடிக்காது. வனேடியம் எதற்கு? – பாலிடெக்னிக் மாணவர், கோவில்பட்டி

ப: கான்கிரீட்டை நினைத்துக்கொள் தம்பி. எஃகு சிமென்ட். அதற்குள் கார்பைடு என்ற ஜல்லி. மணலோடு உரசும்போது சிமென்ட் முதலில் கரையும், ஜல்லி எதிர்த்து நிற்கும். ஜல்லி எந்த ஊர்க் கல் என்பதுதான் கேள்வி. விக்கர்ஸ் என்கிற இன்னொரு கடின அளவில் மணல் சுமார் 1,100. சாதாரண இரும்புக் கார்பைடு 1,000 பக்கம், மணலிடம் தோற்கும். குரோமியம் கார்பைடு 1,500-ஐத் தாண்டும், ஜெயிக்கும். வனேடியம் கார்பைடு 2,800-ஐ ஒட்டி. மணலைப் பார்த்துச் சிரிக்கும்.

சிரிப்பு அதோடு நிற்காது. கடையில் வாங்கும் அலுமினியம் ஆக்சைடு தீட்டுக்கல்லே 2,000 சொச்சம்தான். உங்கள் கல்லைப் பார்த்தும் அது சிரிக்கும். அதற்கு வைரக்கல் வேண்டும்.

கே: பவுடர் எஃகு என்கிறார்களே, குழந்தை பவுடரா? – குறும்புக்காரன், ராஜபாளையம்

ப: உப்புமா தெரியுமா? ரவையைக் கொட்டிவிட்டுக் கிளறாமல் போனால் கட்டி தட்டும். உருகிய எஃகு அச்சில் மெதுவாக ஆறினால் கார்பைடும் அப்படித்தான் கட்டி தட்டும். 1970 வாக்கில் அமெரிக்காவின் சிராக்யூஸில் குரூசிபிள் ஆலைக்காரர்கள் உருகிய எஃகை வாயுவால் பீய்ச்சித் துளித்துளியாகச் சிதறடித்தார்கள். துளி நொடியில் ஆறிவிடும், கட்டி தட்ட நேரமில்லை. அந்தப் பொடியைச் சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்துக் கட்டியாக்கினால் பவுடர் எஃகு. உதிரி உதிரியாக உப்புமா வரும் வித்தையை என் வீட்டில் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இதை எழுதியது நான் என்று வெளியே சொல்ல வேண்டாம்.

கே: கூரும் நிற்க வேண்டும், உடையவும் கூடாது, துருவும் பிடிக்கக் கூடாது. இப்படி ஒன்று இல்லவே இல்லையா? – பேராசைக்காரி, காரைக்குடி

ப: கிட்டத்தட்ட உண்டு. மேலே சொன்ன தாமஸ் வடிவமைத்து 2021-ல் வந்த மேக்னாகட். பொதுவாகக் குரோமியத்தில் ஒரு பங்கு ஜல்லி வேடம் போட ஓடிவிடும். துருவைத் தடுக்க மிச்சம்தான் இருக்கும். இதில் குரோமியம் ஓடாமல் பார்த்துக்கொண்டார். ஜல்லி வேலையை வனேடியத்துக்கும் நையோபியத்துக்கும் கொடுத்தார். ஆளுக்கொரு வேலை, அவரவர் இடத்தில். நம் அலுவலகங்களில் இன்னும் சோதிக்கப்படாத முறை.

அதை வார்த்துக் கொடுத்த சிராக்யூஸ் ஆலை 2024 டிசம்பரில் திவால் மனுப் போட்டது. எஃகு தேயவில்லை, முதலாளி தேய்ந்துவிட்டார்.

கே: என் கத்தியில் எக்ஸ்50, சிஆர், எம்ஓ, வி15 என்று பி.என்.ஆர். நம்பர் மாதிரி எழுதியிருக்கிறது. வெயிட்டிங் லிஸ்ட்டா? – ரயில் பயணி, அரக்கோணம்

ப: கன்ஃபர்ம்டு. ஐம்பது என்றால் கார்பன் 0.50 சதவீதம். கடைசியில் உள்ள 15, குரோமியம் 15 சதவீதம். நடுவில் மாலிப்டினமும் வனேடியமும் ஆர்.ஏ.சி.யில் ஆளுக்குக் கொஞ்சம் உட்கார்ந்திருக்கின்றன. ஜெர்மன்காரர்களின் வீட்டு எஃகு. சீக்கிரம் மடங்கும், சீக்கிரம் நிமிரும், கீழே போட்டாலும் கோபித்துக்கொள்ளாது. கூட்டுக் குடும்பத்துக்கு ஏற்ற மருமகன்.

கே: ஜப்பானில் வெள்ளைக் காகித எஃகு, நீலக் காகித எஃகு என்று இருக்கிறதாமே. காகிதத்தில் எஃகா? – அச்சகக்காரர், சிவகாசி

ப: உங்களுக்கு எல்லாமே காகிதம். ஷிமானே மாகாணத்து யாசுகி ஆலையில் எஃகுக் கட்டியைச் சுற்றி ஒட்டிய தாளின் நிறம் அது, எஃகு வழக்கமான நிறம்தான். வெள்ளை என்பது கார்பனும் இரும்பும், வேறு சேர்மானம் அதிகமில்லை. நீலத்தில் டங்ஸ்டனும் குரோமியமும் கொஞ்சம் விழும், அதனால் கூர் இன்னும் நாலு நாள் நிற்கும். தீட்டுவதற்கு வெள்ளை சுகம், வைத்திருப்பதற்கு நீலம் சுகம். இரண்டும் துருப்பிடிக்கும்.

கே: மருமகள் ஜப்பான் கத்தி பரிசு கொடுத்தாள். அலை அலையாக டமாஸ்கஸ் கோலம். அதனால்தான் கூர் நிற்கிறதா? – பெருமைக்காரர், மதுரை

ப: வெட்டுவது நடுவில் இருக்கும் எஃகு. பெரும்பாலும் விஜி-10, ஃபுகுயி மாகாணத்து டகேஃபு ஆலைச் சரக்கு. கார்பன் சுமார் 1 சதவீதம், கூடவே கொஞ்சம் கோபால்ட். அலை அலையாகத் தெரிவது இருபக்கமும் போர்த்திய அடுக்கு எஃகு. பட்டுச் சேலைக்கு ஜரிகை பார்டர். பார்டர் குளிர் தாங்குமா என்று கேட்கக் கூடாது. மருமகள் வாழ்க.

கே: ஜப்பான் கத்தி உடையும் என்கிறார்களே, வதந்திதானே? – அதே பெருமைக்காரர்

ப: என் சொந்தக் கதை. மகன் டோக்கியோவின் கப்பாபாஷி தெருவிலிருந்து ஒன்று கொண்டுவந்தான். ராக்வெல் 63. மூன்று வாரம் தக்காளியைக் கண்ணாடித் தாளாக அரிந்து காட்டி அக்கம்பக்கத்தாரை வதைத்தேன். நாலாவது வாரம் பரங்கிக்காய். கத்தி பாதி இறங்கி நின்றது. பழக்க தோஷம், கைப்பிடியை முறுக்கினேன்.

"டிக்." சின்னச் சத்தம்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் விளிம்பில் இரண்டு பிறை, எலி கடித்த அப்பளம் போல. ஒரு சில்லு பரங்கிக்காய்க்குள் கிடைத்தது. இன்னொன்று கிடைக்கவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சாம்பார் ஊற்றிக்கொள்ளவில்லை.

கத்தி மேல் தப்பில்லை. நேராக இறங்கப் பிறந்ததைத் திருப்புளியாக்கியது நான்.

கே: ஒரே எஃகு, ஒரே ராக்வெல். ஒன்று வெட்டுகிறது, ஒன்று மசிக்கிறது. ஏன்? – ஹோட்டல்காரர், பழனி

ப: இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். கோணம் ஐயா, கோணம்! பக்கத்துக்கு 15 டிகிரியில் தீட்டினதும் 25 டிகிரியில் தீட்டினதும் ஒரே எஃகாக இருந்தாலும் அண்ணன் தம்பி ஆகாது. ஒல்லி விளிம்பு கொஞ்சம் தேய்ந்த பிறகும் ஒல்லியாகவே இருக்கும், வெட்டிக்கொண்டே போகும். தடி விளிம்பு புதுசிலேயே ஆப்பு.

கேட்ரா கருவியில் பார்த்தாலும் இதுதான். கோணத்தில் சில டிகிரியைக் குறைத்தால் வருகிற லாபம், விலை கூடின எஃகின் லாபத்தை விழுங்கிவிடும். எஃகு வாங்கக் காசு வேண்டும். கோணத்துக்கு மணிக்கட்டு போதும். அதனால்தான் எந்தக் கடையிலும் கோணத்தை விளம்பரம் செய்வதில்லை.

ரொம்ப ஒல்லியாக்கினால் மெத்தெஃகு மடங்கிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அடுத்த வாரம் பழனியிலிருந்து மலை இறங்கி வருவீர்கள்.

கே: எவர்சில்வர் தட்டும் துருப்பிடிக்காது, கத்தியும் துருப்பிடிக்காது. பழைய தட்டை வெட்டிக் கத்தி செய்தால் என்ன? – சிக்கனக்காரர், ஈரோடு

ப: காந்தத்தை எடுங்கள். நல்ல 18/8 எவர்சில்வர் தட்டில் ஒட்டாது. கத்தியில் ஒட்டும். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் கலந்த தட்டு எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் கடினமாகாது; அதன் உள்ளமைப்பு அப்படி. உங்கள் கத்தி முதல் தக்காளியிலேயே தட்டாக மாறிவிடும்.

கே: துருப்பிடிக்காத கத்தியைக் கண்டுபிடித்தவருக்குச் சிலை இருக்கிறதா? – சிலை ரசிகர், சென்னை

ப: முதலில் கிடைத்தது கேலி. ஷெஃபீல்டின் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழாய் அரிக்காமலிருக்க எஃகு தேடப் போய் 1913 ஆகஸ்டில் இதை வார்த்தார். கத்தி செய்யுங்கள் என்று ஊர்க் கத்திக்காரர்களிடம் கெஞ்சினார். அவர்கள் பழைய சூட்டிலேயே காய்ச்சி, பழைய முறையிலேயே அடித்து, வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்த மகான் என்று பட்டம் கொடுத்தார்கள். எஃகு புதுசாக இருந்து பட்டறை பழசாக இருந்தால் திட்டு எஃகுக்குத்தான்.

கே: தமிழன் உருக்கைப் பார்த்து உலகமே நடுங்கியது. இந்த மேக்னாகட்டெல்லாம் நம் உருக்கிடம் நிற்குமா? – மறத்தமிழன், கரூர்

ப: நிற்கும். ஓடியும் காட்டும். கோபிக்காமல் கேளுங்கள்.

நொய்யல் கரைக் கொடுமணலில் உலை இருந்தது நிஜம். மூசைக்குள் இரும்பையும் கரியையும் அடைத்துக் காய்ச்சி, 1.2 முதல் 1.8 சதவீதம் வரை கார்பன் ஏறின உருக்கைத் தென்னிந்தியாவில் வார்த்தது நிஜம். அந்தச் சொல்லே உக்கு, உட்ஸ் என்று திரிந்து ஐரோப்பா போனது. 1819 வாக்கில் லண்டனில் ஒருவர் இதன் ரகசியம் பிடிக்க மண்டையை உடைத்துக்கொண்டார். பெயர் மைக்கேல் ஃபாரடே. கொல்லர் மகன், அதனால் ஆசை விடவில்லை. மின்சாரம் பக்கம் பெரிதாகத் திரும்பியது அப்புறம்தான்.

1998-ல் வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் பெண்ட்ரே என்ற கொல்லரும் இந்த உருக்கில் அடித்த பழைய வாள்களை ஆராய்ந்து, அவற்றின் அலைக் கோலத்துக்குக் காரணம் தாதுவில் தற்செயலாகக் கலந்திருந்த துளியூண்டு வனேடியம் போன்றவை என்றார்கள். ஆம், அதே வனேடியம். நம்மவர்கள் பெயர் தெரியாமல் ஒரு சிட்டிகை போட்டார்கள். இன்றைக்குப் பெயர் தெரிந்து கரண்டி கரண்டியாகப் போடுகிறார்கள். தாத்தா ஓட்டப்பந்தயத்தில் பேரனை ஜெயிக்க வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்கிறீர்கள்?

கே: திருப்பாச்சேத்தி அரிவாள் என்ன எஃகு? – சும்மா கேட்கிறேன், சிவகங்கை

ப: "சும்மா" என்று அடிக்கோடிட்டிருப்பதுதான் பயமாக இருக்கிறது. பட்டறைகளில் பெரும்பாலும் லாரி ஸ்பிரிங் பட்டைதான். கார்பன் 0.6 சதவீதம் சொச்சம். பத்து டன் சுமையோடு பள்ளத்தில் குதித்தும் முறியாத ஜாதகம். கூர் ரொம்ப நாள் நிற்காது, ஆனால் கருவேல மரத்தில் முழு வீச்சில் இறக்கினாலும் சில்லு பெயராது. கருவேலம் என்றேன், கவனிக்கவும்.

கே: நெல் அறுக்கிற கருக்கரிவாளுக்கு மட்டும் ஏன் பல்? – விவசாயி மகன், திருவாரூர்

ப: நெல்லுக்குள் மணல் இருப்பதால். சத்தியமாக! உமியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சிலிக்கா, தாளிலும் உண்டு. மொட்டை விளிம்பை அது சீக்கிரம் தின்றுவிடும். பல் வைத்தால் நுனி தேய்ந்தாலும் பள்ளத்துக்குள் இருக்கும் கூர் பிழைத்திருக்கும். கேட்ரா பிறப்பதற்கு முன்பே உங்கள் தாத்தா சிலிக்காச் சோதனையில் தேறியவர்.

கே: பழைய ஹேக்ஸா பிளேடில் செய்த கத்தி எல்லாக் கத்தியையும் தோற்கடிக்கிறது. எப்படி? – தோல் பட்டறைத் தொழிலாளி, வாணியம்பாடி

ப: மெஷினில் போடுகிற தடித்த பிளேடு என்றால் அது பெரும்பாலும் எச்.எஸ்.எஸ். என்கிற அதிவேக எஃகு. டங்ஸ்டனோ மாலிப்டினமோ ஏறியது. சாணையில் நீலமாகும் சூட்டில்கூடப் பதம் இறங்காது. தோலுக்கு அருமை. ஆனால் உஷார்: இப்போது வருகிற இரட்டை உலோக பிளேடில் பல் வரிசை மட்டும்தான் எச்.எஸ்.எஸ். பல்லை அரைத்துத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் கத்தியாக்கினால், மாம்பழத்தை எறிந்துவிட்டுக் கொட்டையை நறுக்கிய கதை.

கே: தெருவில் சாணை பிடித்தால் முதல் நாள் மயிரிழை பிளக்கிறது, மூன்றாம் நாள் மொக்கை. ஏமாற்று வேலையா? – இல்லத்தரசி, வேலூர்

ப: இரண்டில் ஒன்று அம்மா. தண்ணீர் காட்டாமல் கல்லில் அழுத்தினால் மெல்லிய விளிம்பு முதலில் சூடேறும். நீலம் பாய்ந்தால் 300 டிகிரி. சாதாரண எஃகின் பதம் அங்கேயே போச்சு. அல்லது பிசிறு எடுக்காமல் விட்டிருப்பார். பிசிறுதான் முதல் நாள் வெட்டியது. மறுநாள் மடங்கிப் படுத்துவிட்டது.

அடிக்கொரு தரம் டப்பாத் தண்ணீரில் கத்தியை முக்கி எடுக்கும் பெரியவர் கிடைத்தால் கூட ஐந்து ரூபாய் கொடுங்கள். தீப்பொறி அதிகம் பறக்கவிட்டு வித்தை காட்டுகிறவரிடம் குழந்தைகளை மட்டும் அனுப்புங்கள், வேடிக்கை பார்க்க.

கே: தீட்டுக்கல் வாங்கக் காசில்லை. – பேச்சிலர், ஓ.எம்.ஆர்.

ப: பீங்கான் டீ கப் இருக்கிறதா? கவிழ்த்து வை. அடியில் பளபளப்பு பூசாத சொரசொர வளையம் இருக்கும். அதில் தீட்டு. முதலில் கப்பைக் கழுவு.

கே: பிளேடைப் பிரமிடு வடிவ டப்பாவுக்குள் வைத்தால் தானே கூராகிவிடுமாமே? – ஆன்மிக அன்பர், திருவண்ணாமலை

ப: கார்ல் டிர்பால் என்ற செக்கோஸ்லோவாகியக்காரர் இதற்கு 1959-ல் காப்புரிமையே வாங்கினார். எண் 91304. காப்புரிமை வாங்க வேலை செய்ய வேண்டும் என்று யார் சொன்னது? எத்தனையோ பேர் சம்பளமே வாங்குகிறார்கள்.

கே: பிரிட்ஜில் வைத்தால்? – அவருடைய மனைவி

ப: சில எஃகுகளை முக்கி எடுத்த கையோடு திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் வைப்பார்கள். ராக்வெல் ஒன்றிரண்டு கூடும். உங்கள் பிரிட்ஜில் வைத்தால் கத்தி ஜில்லென்று இருக்கும்.

கே: வாழைக்காய் நறுக்கினால் இரும்புக் கத்தி கறுப்பதேன்? கூரும் போகிறது. – சமையல்காரர், கல்லிடைக்குறிச்சி

ப: வாழைக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. அந்தக் காலத்துக் கடுக்காய் மையும் இதே ரசாயனம்தான். கறுப்பால் கூர் போகாது. கூரைத் தின்பது அதே கத்தியில் அப்புறம் அரிந்த எலுமிச்சை. விளிம்பின் முனை ஒரு மைக்ரானுக்கும் கீழே. புளிப்பு அதை அரிக்க ஒரு மத்தியானத் தூக்கம் போதும். அரிந்ததும் துடையுங்கள். வேட்டியில் வேண்டாம்.

கே: பீங்கான் கத்தி வாங்கலாமா? – நவநாகரிகம், புதுச்சேரி

ப: ஜிர்கோனியா. துருவே பிடிக்காது, கூர் மாசக்கணக்கில் நிற்கும். கீழே விழுந்தால் அந்த மாசக்கணக்கு முடிந்தது.

கே: சினிமாவில் வாளை உருவும்போது "ஷ்ர்ர்ரிங்" என்று சத்தம் வருகிறதே? – முதல் நாள் முதல் ஷோ, சேலம்

ப: உறை மரமோ தோலோ. சத்தம் வராது. நிஜமாகவே வந்தால் விளிம்பு இரும்பில் உரசிவிட்டது என்று பொருள். அப்புறம் ஹீரோ அந்த வாளால் நூறு பேரை அடிக்கத்தான் முடியும், வெட்ட முடியாது. படத்தில் நடப்பதும் அதுதான்.

கே: இவ்வளவு பேசுகிறீர்கள். உங்கள் வீட்டில் காய் எதில் நறுக்குகிறார்கள்? – உளவாளி, மயிலாப்பூர்

ப: என் வீட்டுக்காரி அரிவாள்மனையில். நாற்பது வருஷப் பழசு, எந்த எஃகென்று கொல்லருக்கே மறந்திருக்கும். நான் வருஷத்துக்கு நாலு கத்தி மாற்றினேன். அவள் மாற்றவில்லை. எரிச்சலில் ஒரு நாள் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். காய் வந்து விளிம்பில் மோதுகிறது, துண்டு கீழே விழுகிறது, விளிம்பு அந்தரத்தில் நிற்கிறது. என் கத்தி ஒவ்வொரு வெட்டுக்கும் பலகையில் போய் முட்டுகிறது. அவள் பிளேடு ஆயுளில் ஒரு தரம்கூடப் பலகையைப் பார்த்ததில்லை! கண்ணாடிப் பலகையிலும் கிரானைட் மேடையிலும் நறுக்குகிறவர்கள் இதை இன்னொரு தரம் படிக்கவும்.

இதை அவளிடம் விளக்கினேன். "அதுக்கா இவ்வளவு நேரம் முறைச்சுப் பார்த்தீங்க?" என்றாள்.

கே: மாமா, சாதா கார்பன் கத்தியும் 1000 நம்பர் கல்லும் வாங்கிவிட்டேன். கட்டை விரலில் பிசிறு தட்டுகிற வரை ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம், பிசிறையும் தோலில் இழுத்து எடுத்துவிட்டேன். கூர் பார்க்கக் கை முடியில் வழித்து வழித்து இடது கை மொட்டையாகிவிட்டது. இப்போது என்ன செய்ய? – பிரியாணி மாஸ்டர், ஆம்பூர்

ப: வாருங்கள், சங்கத்தில் சேர்ந்துவிட்டீர்கள். என் இடது கை இருபது வருஷமாக அப்படித்தான். முழுக்கைச் சட்டை போடுங்கள். வலது கைப் பக்கம் மட்டும் போகாதீர்கள், அதற்கு இடது கையால் கத்தி பிடிக்க வேண்டும். பிறகு வெங்காயம் யார் நறுக்குவது?